கூரைமேல் மிளகளவு சென்சார்

கலிஃபோர்னியாவின் தலைநகரம் சாக்ரமெண்டோ. அங்கே ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டும் நாள்களும் உண்டு. ஆனால் பொழுது சாய்ந்ததும் நிலைமை மாறிவிடும். பசிபிக் கடலின் குளிர்ந்த காற்று சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் நுழைந்து, கார்கினெஸ் நீரிணை வழியாக ஆற்றுக் கழிமுகத்தைக் கடந்து ஊருக்குள் வந்து சேரும். உள்ளூர்க்காரர்கள் அதை ‘டெல்டா பிரீஸ்’ என்பார்கள். விடிவதற்குள் வெப்பநிலை 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். வீடுகளில் ஜன்னலைத் திறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பெரிய கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பெரும்பாலும் திறக்கிற ஜன்னல் கிடையாது. அவற்றின் தட்டையான கூரைகளில் தகரப் பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கம்ப்ரசர், ஃபேன், ஃபில்டர், குளிர்க்குழாய்ச் சுருள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடக்கம். கூரையில் ஓட்டை போட்டுக் கீழே காற்றை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. அங்கே ‘ரூஃப்டாப் யூனிட்’ என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில் குளிரூட்டப்படும் வணிகக் கட்டிடப் பரப்பில் ஏறக்குறைய பாதியை இந்தப் பெட்டிகள்தாம் கவனித்துக்கொள்கின்றன. நூறு மாடிக் கட்டிடத்தின் பிரம்மாண்டமான சில்லர் இயந்திரங்களைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய வந்துவிட்டன. மளிகைக் கடைக் கூரையிலுள்ள இந்தப் பெட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மின்சாரம் கசிவது இங்கேதான் என்பதால் இந்த அத்தியாயத்தை இதற்கே கொடுக்கிறேன்.

இரவு எட்டு மணிக்கு வெளியே 19 டிகிரி. கடைக்குள் இன்னும் கூட்டம். உள்ளே இருப்பவர்களுக்கு அப்போதும் குளிர்ச்சி வேண்டும். காரணம் வெயில் அல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். 30 பேர் அமர்ந்த வகுப்பறை என்றால் மனித உடம்புகளிலிருந்து மட்டும் 3 கிலோவாட்; அதை வெளியேற்றவே ஏறக்குறைய ஒரு டன் ஏசி வேண்டும். விளக்குகள், கணினிகள், பகல் முழுக்க வெயிலை உறிஞ்சிய கூரை ஆகியவை இதற்கு மேல். ஆகவே குளிர்கால நடுப்பகலில்கூடப் பெரிய கட்டிடங்களின் உட்பகுதிக்குக் குளிரூட்டல் தேவைப்படும்.

வெளியே 19 டிகிரிக் காற்று சும்மா கிடக்கும்போது கம்ப்ரசரை எதற்கு ஓட்ட வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடையாக வந்த அமைப்புதான் எக்கனமைசர். தொழிலில் இருப்பவர்கள் ‘ஃப்ரீ கூலிங்’ என்பது இதைத்தான். முற்றிலும் இலவசம் என்று சொல்ல முடியாது. காற்றைத் தள்ளும் ஃபேன் ஓடியாக வேண்டும். ஆனால் பத்து டன் பெட்டி ஒன்றில் மின்சாரத்தின் பெரும்பங்கை விழுங்குவது கம்ப்ரசர். அதற்கு ஓய்வு கொடுத்தாலே பெரிய மிச்சம்.

அமைப்பு எளிமையானது. பெட்டியின் ஒரு பக்கம் மழைத்தொப்பி போட்ட ஒரு திறப்பு. வெளிக்காற்று அதன் வழியே வரும். அடியில் இன்னொரு திறப்பு. அறையிலிருந்து திரும்பிவரும் காற்று அதன் வழியே ஏறும். இரண்டுக்கும் சட்டமிட்ட தகடுகள், அதாவது டேம்பர்கள். ஒன்று திறந்தால் மற்றது மூடும்படி இரண்டையும் பிணைத்திருப்பார்கள். ஒரு சிறிய மோட்டார் அவற்றைத் திருப்பும். இரண்டு காற்றும் கலந்து ஃபில்டரைத் தாண்டி, சுருளைத் தாண்டி, ஃபேன் வழியாகக் கீழே போகும். சாதாரண நேரத்தில் வெளிக்காற்றுத் தகடு மூச்சுக்குத் தேவையான அளவு மட்டும் கொஞ்சமாகத் திறந்திருக்கும். வெளியே குளிர்ந்ததும் அது அகலத் திறக்கும். வெளிக்காற்று மிகவும் குளிர்ந்து போனால், கலந்த காற்று சுமார் 13 டிகிரியில் நிற்கும்படி தகடு தன்னை அளந்து மூடிக்கொள்ளும். உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். அதற்குத் தனித் தகடு இல்லாவிட்டால் உள்ளழுத்தம் ஏறிக் கடையின் கதவுகள் தானாகத் திறந்து நிற்கும்.

வெப்பநிலையைப் பார்த்துத் தகட்டைத் திருப்பும் யோசனை ஏசியைவிடப் பழையது. மின்னியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் 1885-ல் நிலக்கரி உலைக்கு ஒரு கருவி செய்தார். அறை குளிர்ந்ததும் அது உலையின் காற்றுத் தகட்டைத் தூக்கும், சூடேறியதும் இறக்கும். பிற்காலத்து ஹனிவெல் நிறுவனத்தின் வேர் அங்கே இருக்கிறது. அதே காலத்தில் விஸ்கான்சினில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் அறைத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தக் கருவிகளெல்லாம் வசதிக்காகப் பிறந்தவை. மின்சாரத்தைச் சேமிக்கும் கட்டாயம் 1973-ன் எண்ணெய் நெருக்கடியோடு வந்தது. கலிஃபோர்னியா 1978-ல் தன் கட்டிட எரிசக்தி விதிகளைக் கொண்டுவந்தது. ‘டைட்டில் 24’ என்ற அந்த விதித்தொகுப்பு இன்றும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்கப்படுகிறது.

தகடும் மோட்டாரும் வெறும் கைகள். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற முடிவு முழுக்க ஒரு சென்சாரின் சொல்லை நம்பி எடுக்கப்படுகிறது. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

கையில் எடுத்தால் மிளகு அளவுதான் இருக்கும். உலோக ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த ஒரு மணி. அதிலிருந்து இரண்டு கம்பிகள். மேலே எப்பாக்ஸிப் பூச்சு அல்லது ஒரு சிறு எஃகுக் குழாய். இதன் பெயர் தெர்மிஸ்டர். சாதாரண உலோகக் கம்பி சூடேறினால் மின்தடை கூடும். இந்த மணியில் அது குறையும். இத்தகைய தலைகீழ் நடத்தையை முதலில் கவனித்தவர் மைக்கேல் ஃபாரடே. 1833-ல் வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கியபோது அது மின்சாரத்தை மேலும் நன்றாகக் கடத்தியதைக் கண்டு பதிவு செய்தார். அதை வைத்துச் சந்தைக்கு ஒரு பொருள் வர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

கூரைப் பெட்டிகளில் பரவலாக இருப்பது ‘10கே’ வகை. 25 டிகிரியில் அதன் மின்தடை 10,000 ஓம். ஒரு டிகிரி கூடினால் அது ஏறத்தாழ 440 ஓம் குறையும். இந்தப் பெரிய மாற்றம்தான் இதன் பலம். ஆய்வகங்களில் மதிக்கப்படும் பிளாட்டினம் சென்சாரில் 0 டிகிரியில் 100 ஓம். ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் மட்டுமே மாறும். அதை நீண்ட ஒயரில் கட்டி, ஒயரின் மின்தடை 5 ஓம் என்று வைத்துக்கொண்டால், கருவி 13 டிகிரி கூட்டிக் காட்டிவிடும். அதைத் தவிர்க்க மூன்றாவது ஒயர் இழுக்க வேண்டும். அதே 5 ஓம் பத்தாயிரத்தில் சேர்ந்தால் பிழை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு. கூரையில் எங்கோ இருக்கும் பெட்டிக்கு, யாரோ அவசரத்தில் இழுத்த ஒயருக்கு, இந்தத் தாங்கும் குணம் பெரிய வரம்.

ஆனால் இந்த மணி பொய் சொல்லும் வழிகளும் உண்டு. ஒயர் அறுந்துபோனால் மின்தடை எல்லையில்லாமல் ஏறும். கடுங்குளிரில் மின்தடை உயரும் என்று மட்டுமே கற்ற பழைய கட்டுப்பாட்டுக் கருவிக்கு அது ‘வெளியே உறைபனி’ என்று கேட்கும். ஒயர்கள் ஒட்டிக்கொண்டால் ‘வெளியே அனல்’ என்று கேட்கும். இவை முரட்டுத்தனமான பொய்கள். இன்றைய கருவிகள் இவற்றைக் கண்டுபிடித்துவிடும். நுணுக்கமானவைதாம் ஆபத்து. மழையில் நனைந்த இணைப்பில் துரு ஏறி 500 ஓம் கூடினால், சென்சார் உண்மையைவிட ஒரு டிகிரி குறைத்துச் சொல்லும். ஈரம் உறைக்குள் புகுந்து மின்சாரம் குறுக்கே கசிந்தால் கூட்டிச் சொல்லும். எண் நம்பும்படியாகவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது.

இதைவிட நயவஞ்சகமான ஒன்று உண்டு. 10கே என்ற ஒரே பெயரில், வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் வளைகோடு வெவ்வேறாக உள்ள சென்சார்கள் விற்கப்படுகின்றன. பழைய சென்சார் போய்விட்டது, வண்டியில் இருக்கும் இன்னொரு 10கே-ஐ மாட்டிவிடலாம் என்று டெக்னீஷியன் நினைப்பது இயல்பு. இரண்டும் 25 டிகிரியில் சரியாக 10,000 ஓம் காட்டும். இதமான நாளில் மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் 0 டிகிரியில் ஒரு வகை சுமார் 32,600 ஓம், மற்ற வகை சுமார் 29,500 ஓம். அதாவது இரண்டு டிகிரி வித்தியாசம். சோதிக்கிற நாளில் ஒளிந்துகொண்டு, வேலை செய்யவேண்டிய நாளில் தலைகாட்டும் பிழை இது. அதனால்தான் சென்சாரை மாற்றும்போது பெயரைப் பார்த்தால் போதாது. வளைகோட்டின் வகையைப் பார்க்க வேண்டும்.

சென்சார் உண்மை பேசுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எந்த வெப்பநிலைக்கு மேல் வெளிக்காற்றை மறுப்பது? அறையிலிருந்து திரும்பும் காற்று 24 டிகிரி என்றால், அதற்குக் கீழே எதுவும் லாபம் என்று தோன்றும். வறண்ட ஊர்களில் அது ஏறக்குறைய சரி. ஈரமான ஊரில் அது பெரும் நஷ்டம். இதைச் சென்னையை வைத்துக் கணக்குப் போட்டால் பளிச்சென்று விளங்கும்.

அறைக்குள் 24 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். அந்தக் காற்றின் ஒரு கிலோவில் அடங்கிய மொத்த வெப்பம், நீராவிக்குள் மறைந்திருப்பதையும் சேர்த்து, சுமார் 48 கிலோஜூல். இதற்கு என்தால்பி என்று பெயர். ஜனவரி விடியற்காலை மெரினாவில் 21 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று கொள்வோம். நடக்க வந்தவர்களுக்குச் சுகமான குளிர். அந்தக் காற்றின் என்தால்பி சுமார் 55 கிலோஜூல். தொட்டால் 3 டிகிரி குளிர்ச்சி. உண்மையில் அறைக்காற்றைவிட 7 கிலோஜூல் கூடுதல் சுமை. அதை உள்ளே விட்டால் அந்த நீராவியைச் சுருளில் தண்ணீராக்கி இறக்கவே கம்ப்ரசர் உழைக்க வேண்டும், இல்லையேல் அறை பிசுபிசுக்கும். சாதாரண நாளில் 27 டிகிரி, 80 சதவீதம் என்றால் அது 73 கிலோஜூலைத் தொடும். அமெரிக்காவின் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே தன் 90.1 தரவிதியில் சென்னை போன்ற மிக வெப்பமான ஊர்களுக்கு எக்கனமைசர் கட்டாயமில்லை என்று விலக்கு தந்திருப்பதும், இந்தியாவின் எரிசக்திச் சேமிப்புக் கட்டிட விதிகள் வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்தை விலக்கியிருப்பதும் இந்தக் கணக்கால்தான்.

அப்படியானால் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் அளந்து, என்தால்பியை ஒப்பிட்டு முடிவெடுப்பதுதானே அறிவு? பொறியாளர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். முதலில் நைலான் பட்டை ஈரத்தில் நீள்வதை வைத்துச் செய்த கருவிகள் வந்தன. பிறகு மின்னணு சென்சார்கள் வந்தன. அமெரிக்கக் கூரைகளில் பல்லாண்டுகளாக ஆட்சி செய்த ஹனிவெல் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றில் ஒரு சிறு திருகு உண்டு. அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்துகள். ஏ என்றால் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும்போது 73 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 22.8 செல்சியஸ் வரை வெளிக்காற்றை ஏற்கும். டி என்றால் 63 ஃபாரன்ஹீட், 17.2 செல்சியஸ் வரைதான். அந்தத் திருகை ஏ-யிலிருந்து டி-க்குத் திருப்பிவிட்டால் வறண்ட ஊரில் எண்ணற்ற நல்ல மணிநேரங்கள் கைவிட்டுப் போகும். ‘குளிர்க்காற்று வருகிறது’ என்று ஒருவர் புகார் சொன்னால் டி-க்குத் திருப்புவது மிகச் சுலபமான சமாதானம். திரும்ப ஏ-க்குக் கொண்டுவர யாரும் கூரை ஏறுவதில்லை. அதே பெட்டியில், திரும்பும் காற்றுக்குத் தனி சென்சார் இல்லாதபோது அந்த முனைகளில் 620 ஓம் மின்தடை ஒன்றைப் பொருத்த வேண்டும். இரண்டாவது சென்சார் மாட்டினால் அதைக் கழற்ற வேண்டும். கழற்ற மறந்தால் புதுச் சென்சார் சரியாக அளந்தும் பயனில்லை; ஒப்பீடே தவறாகிவிடும்.

அடிப்படையான சிக்கல் ஈரப்பத சென்சாரிலேயே இருக்கிறது. வெப்பநிலையை அளப்பது எளிது; ஈரப்பதத்தை அளப்பது கடினம். தூசி, புகை, எண்ணெய்ப் பிசுக்கு, நனைந்து காய்ந்து நனைவது எல்லாம் அந்த மெல்லிய படலத்தைக் கெடுக்கும். அயோவா எரிசக்தி மையத்தின் சோதனைகளில் பல ஈரப்பத சென்சார்கள் தங்கள் உற்பத்தியாளர் சொன்ன துல்லியத்தையே எட்டவில்லை. ஸ்டீவன் டெய்லரும் ஹ்வகாங் செங்கும் 2010-ல் ஆஷ்ரே இதழில் இதை விரிவாக அலசினார்கள். வெவ்வேறு ஊர்களின் வானிலையை எடுத்து, சென்சார்களின் உண்மையான பிழைகளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். பிழையே இல்லாத உலகில் என்தால்பி முறை வெல்லும். பிழையுள்ள நம் உலகில், ஊருக்கேற்ற எல்லையை வைத்த வெறும் வெப்பநிலை சென்சாரே பெரும்பாலும் போதும் என்பது அவர்கள் முடிவு. கட்டுரையின் தலைப்பிலேயே என்தால்பி எக்கனமைசர்கள் வேலை செய்யாது என்று அடித்துச் சொன்னார்கள்.

நானும் அவர்கள் பக்கம்தான். அதிகம் அளக்கும் கருவியைவிட, பத்தாண்டு கழித்தும் சரியாக அளக்கும் கருவியே கூரைக்குப் பொருத்தம். கலிஃபோர்னியா விதி இதே வழியில் போகிறது. உள்நாட்டிலுள்ள சாக்ரமெண்டோவுக்கு 75 டிகிரி ஃபாரன்ஹீட், கடலோரம் ஈரம் கூடிய சான் டியேகோவுக்கு 69 என்று காலநிலை மண்டலத்துக்குத் தக்கபடி ஒரே ஒரு எண். அந்த ஒரு எண்ணுக்குள் அந்த ஊரின் ஈரப்பத வரலாறு அடங்கியிருக்கிறது. அட்லாண்டா போன்ற ஈரமான தென்கிழக்கு ஊர்களுக்கு ஆஷ்ரே 65-ஐ வைத்திருக்கிறது.

எண் சரி, சென்சார் சரி. வைத்த இடம் தவறினால் மறுபடியும் வீண். கறுப்புத் தார் விரிப்புப் போட்ட கூரை கோடை வெயிலில் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும். அதையொட்டிய காற்று, விமான நிலைய வானிலை நிலையத்தில் பதிவாகும் காற்றைவிடச் சூடாகவே இருக்கும். பெட்டி உறிஞ்சப்போவது அந்தக் காற்றைத்தான் என்பதால் சென்சாரும் அதைத்தான் அளக்க வேண்டும். ஆனால் வெயில் நேரடியாகப் படக்கூடாது. அதனால் மழைத்தொப்பிக்குள் நிழலில் பொருத்துவார்கள். அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. தகடு மூடியிருக்கும்போது கட்டிடத்தின் உள்ளழுத்தத்தால் அறைக்காற்று இடுக்குகள் வழியே வெளியே கசியும். அப்போது வெளிக்காற்று சென்சாரின் மேல் படுவது உள்காற்று. வெளியே 15 டிகிரி. சென்சார் 22 என்று சொல்லும். தகடு மூடியே கிடக்கும். மூடிக் கிடப்பதால் கசிவும் தொடரும். பக்கத்துப் பெட்டியின் கண்டென்சர் ஃபேன் ஊதும் சூடான காற்றும் இதே குழப்பத்தைச் செய்யும்.

இத்தனை வழிகளில் தவறக்கூடிய ஒன்று நடைமுறையில் எவ்வளவு தவறுகிறது? கலிஃபோர்னியாவின் 75 கட்டிடங்களில் 215 கூரைப் பெட்டிகளை ஆராய்ந்து 2003-ல் வெளியான ஆய்வில், எக்கனமைசர் வைத்திருந்தவை 123; அவற்றில் 63 சதவீதம் ஒழுங்காக வேலை செய்யவில்லை. நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிடியூட் 2004-ல் கலிஃபோர்னியாவிலும் அமெரிக்க வடமேற்கிலும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 503 பெட்டிகளின் விவரத்தைத் தொகுத்தது. அங்கேயும் எக்கனமைசர் பழுது 64 சதவீதம். துருவேறிய தகடு, எரிந்த மோட்டார், கழன்ற இணைப்புக் கம்பி, கெட்ட சென்சார், தவறான திருகு அமைப்பு என்று பல காரணங்கள்.

ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கெட்டுப்போயும் யாரும் கவனிக்காமல் இருந்தது எப்படி? இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். எக்கனமைசர் கெட்டால் அறை சூடாகாது. கம்ப்ரசர் அந்தச் சுமையை ஏற்று ஓடும். வாடிக்கையாளர் புகார் சொல்ல மாட்டார், மேலாளருக்குத் தெரியாது, மின்கட்டணம் வழக்கமான கட்டணமாகவே தெரியும். தகடு முழுதாகத் திறந்தபடி சிக்கி 40 டிகிரி அனல் உள்ளே பாய்ந்தால்தான் கீழே இருப்பவர்களுக்கு உறைக்கும். அதற்கு வருகிற அவசர வைத்தியம், தகட்டை மூடி, நகராதபடி ஒரு திருகு போட்டு இறுக்கிவிடுவது. அன்றோடு புகார் நின்றுவிடும். ஃப்ரீ கூலிங்கும் நின்றுவிடும்.

வலி தராத பழுதை இயந்திரமே வாய்திறந்து சொல்லவேண்டும் என்று முடிவெடுத்தது கலிஃபோர்னியா. 2013-ம் ஆண்டு விதிகள் 2014 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன. அவற்றின்படி நாலரை டன்னும் அதற்கு மேலுமான புதுப் பெட்டிகளில், எக்கனமைசரின் பழுதைத் தானே கண்டறிந்து அறிவிக்கும் வசதி கட்டாயம். சென்சார் கெட்டது, திறக்கவேண்டியபோது திறக்காதது, மூடவேண்டியபோது மூடாதது, தகடு நகராதது, வெளிக்காற்று அளவுக்கு மிஞ்சி வருவது ஆகிய ஐந்தையும் அது சொல்ல வேண்டும். சென்சார்களின் துல்லியத்துக்கும் வரம்பு வைத்தார்கள்: 40 முதல் 80 ஃபாரன்ஹீட் வரையிலான வீச்சில் இரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் பிழை கூடாது. ஏ, பி, சி, டி திருகுகளின் இடத்தில் எழுத்துத் திரை கொண்ட பெட்டிகள் வந்தன.

இயந்திரம் பழுதைக் கண்டுபிடிக்கும் கணக்கை நாமும் போடலாம். மூன்று வெப்பநிலைகள் போதும்: வெளிக்காற்று, திரும்பும் காற்று, இரண்டும் கலந்த காற்று. வெளியே 10, திரும்புவது 22, கலந்தது 19 என்றால், 22-லிருந்து கலவை 3 டிகிரி இறங்கியிருக்கிறது. முழுதாக வெளிக்காற்றாக இருந்தால் 12 இறங்கியிருக்கும். 12-ல் 3, ஆக வெளிக்காற்றின் பங்கு 25 சதவீதம். தகடு முழுதாகத் திறந்திருப்பதாகத் திரை சொல்லும்போது இந்தக் கணக்கு 25 என்று வந்தால், தகடு சிக்கியிருக்கிறது அல்லது சென்சார் பொய் சொல்கிறது.

இந்தக் கணக்கைக் குளிர்ந்த நாளில்தான் போட வேண்டும். வெளியே 20, உள்ளே 23 என்றால் வித்தியாசம் 3 டிகிரிதான். கலவைச் சென்சாரில் ஒரு டிகிரி பிழை இருந்தாலே விடை 33 சதவீதம் தவறிவிடும். இன்னொன்று, கலவைப் பெட்டிக்குள் காற்று உண்மையில் நன்றாகக் கலப்பதில்லை. ஒரு பக்கம் குளிர்ந்த அடுக்கு, மறுபக்கம் சூடான அடுக்கு என்று பிரிந்தே ஓடும். ஒற்றை மணியை ஒரு மூலையில் வைத்தால் அந்த மூலையின் கதையை மட்டும் சொல்லும். நல்ல நிறுவல்களில் நீண்ட குழாயாக வளைந்து பல இடங்களில் அளந்து சராசரி சொல்லும் சென்சார் போடுவார்கள். சிறிய பெட்டிகளில் அதற்கு இடமிருக்காது; ஃபேனைத் தாண்டி, காற்று நன்றாகக் கலந்தபின், கீழிறங்கும் காற்றை அளப்பதே நல்லது.

கீழே சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டையும் மறக்கக் கூடாது. எக்கனமைசர் உள்ள பெட்டிக்கு இரண்டு படிநிலைத் தெர்மோஸ்டாட் வேண்டும். முதல் படியில் வெளிக்காற்று. அது போதாவிட்டால் இரண்டாம் படியில் கம்ப்ரசர் துணைக்கு வரும். ஒரே படி மட்டும் உள்ள மலிவுத் தெர்மோஸ்டாட்டை மாட்டினால் வெளிக்காற்றும் கம்ப்ரசரும் கைகோத்து வேலை செய்ய வழியில்லாமல் போகும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய்ப் பெரிய மிச்சத்தை இழக்கும் இடம் இது.

தெர்மிஸ்டர் மணி அறியாத விஷயங்களும் இருக்கின்றன. 2018 நவம்பரில் வடக்குக் கலிஃபோர்னியாவில் கேம்ப் ஃபயர் என்ற காட்டுத்தீ பாரடைஸ் என்ற ஊரையே எரித்தது. அதன் புகை பல நாள்கள் சாக்ரமெண்டோவையும் சான் ஃபிரான்சிஸ்கோவையும் மூடியிருந்தது. நவம்பர் குளிர்மாதம்; தெர்மிஸ்டரின் கணக்கில் வெளிக்காற்று அருமையான காற்று. தகட்டை அகலத் திறக்கச் சொல்வதுதான் அதன் வேலை. புகையை அதற்குத் தெரியாது. புகைக்காலத்தில் எக்கனமைசரை நிறுத்தி, மூச்சுக்குத் தேவையான வெளிக்காற்றை மட்டும் நல்ல ஃபில்டர் வழியே விடும் முறைக்கு ஆஷ்ரே 2024-ல் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டது. அந்த நேரத்தில் கட்டிடப் பொறுப்பாளர் கையால் மாற்றக்கூடிய ஒரு சுவிட்ச் இருப்பது எந்த அல்காரிதத்தையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன்.

பழைய பெட்டிகளைத் தூக்கி எறியாமல் கட்டுப்பாட்டை மட்டும் மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகம் எட்டுக் கட்டிடங்களில் 66 கூரைப் பெட்டிகளுக்கு வேகம் மாறும் ஃபேனும் மேம்பட்ட எக்கனமைசர் கட்டுப்பாடும் பொருத்தி, 2013-ல் முடிவை வெளியிட்டது. மின்செலவு சராசரியாக 57 சதவீதம் குறைந்தது. இதில் பெரும்பங்கு ஃபேனுடையது. ஆனாலும் கம்ப்ரசரையும் தகரத்தையும் தொடாமலே இவ்வளவு கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்கள் இந்த வசதிக்குச் செலவழிக்க வேண்டாம். மேலே போட்ட கணக்கே அதற்குப் பதில். பெங்களூர், ஓசூர், ஊட்டி போன்ற மேட்டுநில ஊர்களில் அலுவலகமோ மருத்துவமனையோ சர்வர் அறையோ உங்கள் பொறுப்பில் இருந்தால் கதை வேறு. அங்கே குளிர்ந்து வறண்ட மாதங்களில் வெளிக்காற்று உதவும். ஏசி ஒப்பந்தக்காரர் எக்கனமைசர் பொருத்தித் தந்தால் விலைப்பட்டியலை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சென்சாரின் வளைகோட்டு வகை எது, மாற்றும் எல்லை எத்தனை டிகிரி என்று எழுதி வாங்குங்கள். குளிர்ந்த காலையொன்றில் அவரையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறி, மூன்று வெப்பநிலைகளை அளந்து அந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தகடு முழுதாகத் திறப்பதையும் முழுதாக மூடுவதையும் கண்ணால் பார்க்காமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்யுங்கள்.